மாட்யூலைக் குறை சொல்லும் முன்: ஃபைபர் லிங்க்கைச் சோதிக்கும் வழி

ஓசூர் பஸ்ஸில் வந்து எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, முதன்முதலாக சர்வர் அறைக்குள் நுழையும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒயிட்ஃபீல்டில் ஓர் இரவு, லிங்க் (இணைப்பு) வரவில்லை என்று மூன்று மாட்யூல்களை, அதாவது ஸ்விட்ச்சில் செருகி மின் சிக்னலை ஒளியாக மாற்றும் சிறு கருவிகளை, மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஃபைபர் முனையைத் துடைத்ததும் விளக்கு எரிந்தது.

முதலில் லேபிளைப் படியுங்கள். 10 கிகாபிட் எல்ஆர் (நீண்ட தூர வகை) என்றால் 1310 நானோமீட்டர் ஒளி, ஒளி ஒரே பாதையில் செல்லும் சிங்கிள் மோடு ஃபைபர், 10 கிலோமீட்டர் வரை. எஸ்ஆர் (குறுந்தூர வகை) என்றால் 850 நானோமீட்டர், ஒளி பல பாதைகளில் செல்லும் மல்டிமோடு. இரு முனையிலும் ஒரே வகை வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எல்ஆருக்குப் பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டர் உள்ள சிறு ஃபைபர் கேபிள்) வாங்கும்போது நீல முனை பார்த்து வாங்குங்கள். பச்சை முனை சாய்வாகத் தீட்டியது, இந்த மாட்யூல்களுக்குப் பொருந்தாது.

அடுத்து, சுத்தம். சிங்கிள் மோடில் ஒளி செல்லும் உட்கரு சுமார் 9 மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத தூசியே அதை மறைத்துவிடும். எல்சி எனும் சிறிய கனெக்டருக்கான கிளீனரால் துடையுங்கள். வாயால் ஊத வேண்டாம், சட்டை நுனி வேண்டவே வேண்டாம். முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்: இந்த ஒளி தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

பிறகு, பயன்பாட்டில் இல்லாத ஸ்விட்ச்சில் மாட்யூலைச் செருகி, சிறு பேட்ச் கார்டால் அதன் டிஎக்ஸையும் (ஒளி அனுப்பும் துளை) ஆர்எக்ஸையும் (ஒளி வாங்கும் துளை) இணையுங்கள். விளக்கு எரிந்தால் மாட்யூல் பெரும்பாலும் நலம். 40, 80 கிலோமீட்டர் வகைகளுக்கு நடுவில் ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கட்டாயம். இல்லையென்றால் ரிசீவர் பழுதாகலாம்.

இனி லிங்க்கை இணைத்து எண்களைப் பாருங்கள். டிடிஎம் எனும் சுய கண்காணிப்பு வசதியுள்ள மாட்யூல் தன் ஒளி அளவைத் தானே சொல்லும். லினக்ஸில் எத்டூல் கட்டளை அதைக் காட்டும். எதிர்முனையின் டிஎக்ஸை இந்த முனையின் ஆர்எக்ஸுடன் ஒப்பிட வேண்டும். அங்கே டிஎக்ஸ் மைனஸ் 2 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு; மைனஸில் எண் கூடக் கூட ஒளி குறைவு), தூரம் 4 கிலோமீட்டர் என்று வையுங்கள். வழியில் ஏற்படும் இழப்பு, கிலோமீட்டருக்கு 0.4 டெசிபல் வீதம் 1.6, இரண்டு கனெக்டருக்கு 1. ஆக, இங்கே மைனஸ் 4.6 வர வேண்டும். மைனஸ் 12.6 வந்தால்? எல்ஆர் ரிசீவர் ஏற்கும் குறைந்தபட்ச அளவு மைனஸ் 14.4 என்பதால் லிங்க் ஓடும். ஆனால் வழியில் 8 டெசிபல் கூடுதலாகப் போயிருக்கிறது. வர வேண்டிய ஒளியில் ஆறில் ஒரு பங்குதான் வருகிறது. விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். தூசி, இறுக்கமான வளைவு, மோசமான ஸ்ப்லைஸ் (ஃபைபர்களை ஒட்டிய இடம்) ஆகியவற்றைத் தேடுங்கள்.

டிடிஎம் அளவில் 3 டெசிபல் வரை பிழை இருக்கலாம். வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் லிங்க்கைப் பவர் மீட்டரால்தான் அளக்க வேண்டும். சரியாக வந்த எண்ணைத் தேதியோடு ரேக்கிலேயே ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.