இலங்கை மலையகத்தில் எளிதான நீர்வீழ்ச்சி நடை: தொடக்கநிலையினருக்கான திட்டமிடல் முறை

நீர்வீழ்ச்சி ஒன்றை நடந்து சென்று பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது அதன் உயரத்தையும் நடக்க வேண்டிய தூரத்தையும்தான். இலங்கையைப் பொறுத்தவரை இவ்விரண்டும் அடுத்த நிலையில் வைக்கத்தக்கவை. நாட்டிலேயே மிக உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சியின் (263 மீட்டர்) அடிவாரத்தை மலையேறிப் பழகாதவரும் அடைந்துவிடலாம். எல்ல–வெல்லவாய வீதியோரத்திலேயே விழும் 25 மீட்டர் உயர இராவணா நீர்வீழ்ச்சியிலோ, ஈரப் பாறைகளில் ஏறி வழுக்கி விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. நடை எளிதா கடினமா என்பதை மழையே தீர்மானிக்கிறது என்பதால், திட்டத்தையும் மழையிலிருந்தே தொடங்க வேண்டும்.

படி 1: மலையின் பக்கத்தையும் மாதத்தையும் பொருத்துங்கள்

மத்திய மலைநாடு தீவின் நடுவே சுவராக நிற்பதால், ஒரே மாதத்தில் ஒரு சரிவு நனைந்தும் மறு சரிவு காய்ந்தும் இருப்பது இங்கு இயல்பு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று அட்டன், தலவாக்கலை, கித்துல்கல போன்ற மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, பதுளைப் பக்கம் இறங்கும்போது வறண்ட காற்றாகிவிடுகிறது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையிலான வடகீழ் பருவக்காற்றில் நிலைமை தலைகீழாகி, ஊவா மாகாணத்தின் கிழக்குச் சரிவுகள் நனைகின்றன. இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் கனமழை பெய்யும். புதியவர்கள் அம்மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

மழைக்காலத்தில் அருவி நிறைந்திருக்கும், ஆனால் பாதை சேறாகிவிடும். வறட்சியில் பாதை காய்ந்திருக்கும், ஆனால் அருவி மெலிந்துவிடும். ஆகவே மழை ஓய்ந்தபின் வரும் சில வாரங்களே நமக்கு உகந்தவை. மேற்குச் சரிவுக்கு டிசெம்பர் பிற்பகுதியும் ஜனவரியும், பதுளை, எல்ல, கொஸ்லந்தைப் பகுதிகளுக்குப் பெப்ரவரி இறுதியும் மார்ச்சும் பொருத்தமானவை என்பது என் கணிப்பு. ஓகஸ்ட் விடுமுறையில் கொஸ்லந்தையை அண்டிய தியலும நீர்வீழ்ச்சிக்குச் செல்வோர், படங்களில் கண்ட வெள்ளத்திரைக்குப் பதிலாகப் பாறையில் இறங்கும் ஒரு மெல்லிய கோட்டைக் காண நேரிடலாம்.

படி 2: உங்கள் காலுக்கேற்ற அருவியைத் தேர்ந்தெடுங்கள்

முதியவர்களோ சிறு பிள்ளைகளோ உடன் வந்தால் நடையே தேவைப்படாத இடங்களிலிருந்து தொடங்கலாம். டெவோன் (97 மீட்டர்), சென் கிளயர் (80 மீட்டர்) ஆகிய இரண்டையும் அட்டன்–தலவாக்கலை வீதியிலிருந்தே பார்த்துவிடலாம். சென் கிளயரின் நீர் 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குத் திருப்பப்படுவதால், பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே அருவிக்கு நீர் விடப்படுகிறது என்பதை அறிந்துகொண்டு செல்லுங்கள்.

முதல் உண்மையான நடைக்கு நான் பரிந்துரைப்பது துன்ஹிந்த நீர்வீழ்ச்சியை. பதுளை நகரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் அனுமதிச்சீட்டு பெற்று, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் தெளிவான ஒற்றையடிப்பாதையில் சென்றால், பதுளு ஓயா ஆறு 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இடம் எதிரே தெரியும். வழியில் சிறு கடைகள் இருப்பதும் பிற பயணிகள் நடமாடுவதும் புதியவர்களுக்குப் பெரிய துணை. குரங்குகள் மட்டும் தின்பண்டப் பைகளைப் பறிக்கக்கூடும்.

அடுத்ததாகப் பம்பரகந்தவைக் கொள்ளலாம். பலாங்கொடை–பெரகல வீதியிலுள்ள கலுபஹனையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உள்ளே செல்ல வேண்டும். முச்சக்கரவண்டி பெரும்பகுதி தூரத்துக்குச் செல்லும் என்பதால், நடக்க விரும்பும் தூரத்தை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தியலுமவின் (220 மீட்டர்) உச்சியிலுள்ள இயற்கைக் குளங்கள் இன்று பெரும் புகழ் பெற்றுவிட்டன. எனினும் அதை முதல் நடையாக வைத்துக்கொள்ள வேண்டாம். புல்வெளிச் சரிவில் பாதைகள் பிரிந்து பிரிந்து செல்வதாலும், குளங்களின் கடைசி விளிம்புக்கு அப்பால் செங்குத்தான வீழ்ச்சி இருப்பதாலும், உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வதே முறை. ஹோட்டன் சமவெளியின் பேக்கர் நீர்வீழ்ச்சியும் இப்படித்தான்: அருவியின் உயரம் 20 மீட்டர்தான், ஆனால் அது இருப்பது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வட்டப்பாதையில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே.

படி 3: நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுங்கள்

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. அந்தியொளியும் விரைவில் மங்கிவிடுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் இடிமழை வருவது வழக்கம். எனவே நண்பகலுக்குள் வீதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மலைப்பாதையில் புதியவர்களுக்கு மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. அருவியருகே ஒரு மணி நேரம் ஒதுக்கினால், துன்ஹிந்தவுக்குக் காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டாலே போதும்.

படி 4: முந்தைய மாலையில் எச்சரிக்கைகளைப் பாருங்கள்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை முன்னறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் சேர்த்தே பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகள் உள்ளன. மஞ்சள் நிலையிலேயே பயணத்தைத் தள்ளிவைப்பதை நான் பரிந்துரைக்கிறேன். தியலுமவை அண்டிய கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன் குடியிருப்புகளை மண் மூடியது என்பதை நினைவில் வைத்தால், இது மிகையான அச்சமாகத் தோன்றாது.

படி 5: பையையும் காலணியையும் தயார் செய்யுங்கள்

பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், மழையங்கி, டோர்ச், கைபேசிக்கு நீர்புகாத உறை ஆகியவை போதும். ஈரமான புல்லிலும் காட்டுப்பாதையிலும் அட்டைகள் ஏறும். நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, வெளிப்புறத்தில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். கடித்துவிட்ட அட்டையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி அகற்றி, அவ்விடத்தைக் கழுவினால் போதுமானது. அவசரத்துக்குப் பொலிஸ் 119, நோயாளர் காவு வண்டி 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 ஆகிய எண்களைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். எங்கே செல்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

தேயிலைத் தோட்டங்களின் வழியே செல்லும் பாதைகளில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வசதி உண்டு. கொழுந்து பறிக்கும் அக்காமாரிடமும் வழியில் வரும் அண்ணன்மாரிடமும் தமிழிலேயே வழி கேட்கலாம். நேற்று மேலே மழை பெய்ததா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அதற்கு மேல் விவாதிக்காமல் திரும்பிவிடுங்கள்.

படி 6: நீரருகே நடந்துகொள்ளும் முறை

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்து சேரலாம். நீர் கலங்கிப் பழுப்பாவது, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவது, இரைச்சல் திடீரெனக் கூடுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருள்களைச் சேகரிக்க நிற்காமல் உடனே உயரமான கரைக்கு ஏறுங்கள். பாசி படிந்த கரும்பாறையில் கால் வைக்காதீர்கள். அருவி நேராக விழும் குளத்தில் இறங்குவதோ பாறையிலிருந்து குதிப்பதோ கூடாது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில், மற்றவர்கள் குளித்துக்கொண்டிருந்தாலும், குளிக்காதீர்கள்.

படி 7: மாற்றுத் திட்டமொன்றை வைத்திருங்கள்

துன்ஹிந்தவுக்குப் புறப்படும் காலையில் பதுளையில் மழை பிடித்துவிட்டால், எல்ல வழியாகப் பஸ்ஸில் சென்று, இராவணா நீர்வீழ்ச்சியை வீதியில் நின்றே பாருங்கள். பாறைகளில் இறங்க வேண்டாம். மறுநாள் வானம் வெளுத்தால் துன்ஹிந்தவுக்குச் செல்லலாம், அதற்காகப் பதுளையில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.