லூயிஸ் நகரத்துப் பழைய வீடுகள்: வரலாறு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் தென்கிழக்கில், சசெக்ஸில், லூயிஸ் என்று ஓர் ஊர். அங்கே சவுத்ஓவர் பகுதியில் மரச்சட்டம் போட்டுக் கட்டிய பழைய வீடு ஒன்று இருக்கிறது. பெயர் 'ஆன் ஆஃப் கிளீவ்ஸ் ஹவுஸ்'. ஆன், எட்டாம் ஹென்றியின் நான்காவது மனைவி. அந்தத் திருமணம் செல்லாது என்று ஆன பிறகு, 1541இல் அவருக்கு எழுதிக் கொடுத்த சொத்துகளில் இந்த வீடும் ஒன்று. அவ்வளவுதான். அவர் இங்கே ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. ஆனால் பெயரைப் பார்த்ததும் ராணி இந்த ஜன்னல் வழியாகத்தான் தெருவைப் பார்த்திருப்பாள் என்று மனசு ஒரு கதை கட்டிவிடுகிறது.

வீட்டுக்குச் சொந்தக்காரர் வேறு, அதில் வாழ்ந்தவர் வேறு. இதை மறப்பதுதான் முதல் தவறு. முதலாம் உலகப் போருக்கு முன்பு இங்கிலாந்து நகரங்களில் பெரும்பாலோர் வாடகைக்குத்தான் இருந்தார்கள். பத்திரங்களை மட்டும் புரட்டினால் வீட்டை வாங்கி விற்றவர்கள் கிடைப்பார்கள், அடுப்பு மூட்டியவர்கள் கிடைக்க மாட்டார்கள். லூயிஸ் ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள புல் ஹவுஸ் இதற்கு நல்ல சாட்சி. பின்னாளில் அமெரிக்கப் புரட்சிக்குத் தூண்டுகோலாக எழுதிய தாமஸ் பெய்ன், 1768இல் கலால் அதிகாரியாக இந்த ஊருக்கு வந்து, இந்த வீட்டில் குடியேறினார். 1771இல் அந்த வீட்டுக்காரரின் மகளையே மணந்துகொண்டார். 1774இல் ஊரை விட்டே போனார். அந்த வீட்டின் சொத்து வரலாறு மட்டும் போதும் என்று நினைப்பவருக்கு அதன் மிகப் பெரிய பெயர் கண்ணில் படாமலே போகலாம்.

சொந்தக்காரரையும் குடியிருந்தவரையும் பிரித்துக் காட்டும் ஆவணங்கள் இருக்கின்றன. 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருச்சபைக்கான தசமபாக வரியை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதை, பணமாக மாற்றினார்கள். அதற்காக வரைந்த வரைபடங்களோடு வரும் பட்டியலில் சொந்தக்காரர், அனுபவிப்பவர் என்று தனித்தனிப் பத்தி உண்டு. ஆனால் ஊர் நடுவில் நெருக்கமாகக் கட்டிய இடங்களைப் பல வரைபடங்களில் விவரமாகக் காட்டியிருக்க மாட்டார்கள். நகர வீடுகளுக்கு 1910இல் நிலவரிக்காகத் தொடங்கிய மதிப்பீட்டுக் கணக்கெடுப்புதான் கைகொடுக்கும். அதன் களக் குறிப்பேடுகள் லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிலவற்றில் எத்தனை அறை, கூரை எப்படி என்பது வரை எழுதியிருப்பார்கள்.

அடுத்தது கதவு எண். நான் அதிகம் இழந்தது இதில்தான். 1861 சென்சஸ் பக்கத்தை முதன்முதலாகத் திறந்தபோது இடது ஓரத்துப் பத்தியில் எண்கள் வரிசையாக இறங்கின. நான் தேடிய வீட்டு எண் அங்கே பளிச்சென்று இருந்தது. அருகில் ஒரு ரொட்டிக் கடைக்காரர், மனைவி, ஐந்து பிள்ளைகள். நான்கு மாதம் அந்தக் குடும்பத்தின் பின்னாலேயே அலைந்தேன். ஞானஸ்நானப் பதிவு, உயில், கல்லறை என்று எல்லாம் எடுத்தாகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பத்தி படிவத்தின் வரிசை எண். கணக்கெடுப்பாளர் தன் சுற்றில் கொடுத்து வாங்கிய தாள்களின் எண்ணிக்கை. அதற்கும் கதவு எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டு எண் இருந்தால் அடுத்த பத்தியில், தெருப் பெயரோடு இருக்கும். பல இடங்களில் எண்ணே இருக்காது, வெறும் தெருப் பெயர்தான்.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் உற்றுப் பாருங்கள். பெயர்களுக்கு நடுவே சாய்கோடுகள் போட்டிருப்பார்கள். இரட்டைக் கோடு என்றால் ஒரு வீடு முடிந்தது. ஒற்றைக் கோடு என்றால் அதே வீட்டுக்குள் ஒரு குடும்பம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் ஒரே கூரையின் கீழ் நெருக்கியடித்து வாழ்ந்த மூன்று குடும்பங்களை மூன்று தனி வீடுகளாக எழுதிவிடுவோம்.

கதவு எண் கிடைத்தாலும் பழைய எண்ணா, புதிய எண்ணா என்ற கேள்வி விடாது. தெருக்களுக்கு மறுபடி எண் போட்டார்கள், பெயர் மாற்றினார்கள், இரண்டு வீட்டை ஒன்றாக்கினார்கள். அதனால் எண்ணை நம்பாமல், நகராத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மூலையில் இருக்கும் பப், தேவாலயம், குறுக்குத் தெரு. பழைய வணிக டைரக்டரிகள் பலவற்றில் தெருவை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், குறுக்குத் தெரு வரும் இடத்தைக் குறித்திருப்பார்கள். அந்த இடத்திலிருந்து ஒவ்வொரு வீடாக எண்ணி வரலாம். டைரக்டரியில் போட்டிருக்கும் ஆண்டை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். தகவல் அதற்குச் சில மாதங்கள் முன்பே திரட்டியது. ஏழைகளின் பெயரும் அதில் அபூர்வம்.

இன்றைய குடியிருப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போவதுதான் சரி. 1700களில் பிரபலமான ஒரு பெயரைப் பிடித்து, அதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கப் பார்த்தால் நடுவில் உள்ள ஓட்டையை ஆசைதான் அடைக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பின்னோக்கிப் போகும்போது ஓர் இடத்தில் பாதை இற்றுவிடும். 1931 சென்சஸ் 1942 டிசம்பரில் தீயில் அழிந்தது, 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. நடுவில் இருப்பது 1939 செப்டம்பர் 29இல் எடுத்த தேசியப் பதிவேடு மட்டும். அதைப் பின்னாளில் தேசிய மருத்துவச் சேவையும் பயன்படுத்தியதால், பெண்களின் குடும்பப் பெயரை அடித்துவிட்டு அப்புறம் மணந்தவரின் பெயரை மேலே எழுதியிருப்பார்கள். 1939இல் அந்த வீட்டில் அவருக்கு அந்தப் பெயரே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

கட்டடத்தைப் பார்த்து வயது சொல்வதில் நடக்கும் தவறு தனி ரகம். லூயிஸில் செங்கல் முகப்போடு, நேர்த்தியான ஜன்னல்களோடு, பதினெட்டாம் நூற்றாண்டு வீடுபோல் நிற்கும் சில வீடுகளில் செங்கல்லே கிடையாது. ஆங்கிலத்தில் 'மேத்தமேட்டிக்கல் டைல்' என்று சொல்லும் ஒருவகை ஓடு அது. ஓட்டின் மேல்பகுதியை மரச் சட்டத்தில் ஆணியடித்து, கீழ்ப்பகுதி செங்கல் முகம்போல் முன்னே துருத்த, இடுக்கில் சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். உள்ளே இருப்பது அதைவிட நூறு, இருநூறு ஆண்டு பழைய மரச்சட்ட வீடாக இருக்கலாம். கண்டுபிடிக்க மூலைக்குப் போங்கள். நிஜச் செங்கல் சுவர் என்றால் மூலையில் நீளமும் குட்டையும் மாறி மாறித் திரும்பும். ஓடு என்றால் அங்கே பெரும்பாலும் செங்குத்தாக ஒரு மரப்பட்டை அடித்து மூடியிருப்பார்கள். 1784இல் வந்த செங்கல் வரியைத் தவிர்க்கத்தான் இப்படிச் செய்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். இந்த ஓடு அந்த வரிக்குப் பல பத்தாண்டுகள் முன்பே புழக்கத்தில் இருந்தது.

இதேபோல் இன்னொரு பிடித்தமான கதை, உத்தரம் எல்லாம் பழைய கப்பல் மரம் என்பது. உத்தரத்தில் காலியான துளைகள் தெரிந்தால் அது வேறொரு வீட்டிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்திய மரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முகப்பில் செதுக்கிய ஆண்டும் கட்டிய ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. பழுது பார்த்த ஆண்டாகவோ கல்யாண ஆண்டாகவோ இருக்கலாம். அடைத்துக் கிடக்கும் ஜன்னல் எல்லாம் 1851 வரை இருந்த ஜன்னல் வரியால் அடைத்ததும் அல்ல. அழகுக்காக ஆரம்பத்திலேயே குருட்டு ஜன்னலாகக் கட்டியவை ஏராளம்.

ஆவணங்களைப் படிக்கும்போது தேதியில் ஒரு கண் இருக்கட்டும். 1752க்கு முன்பு இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. பதிவேட்டில் 1720 பிப்ரவரியில் அடக்கம் என்றிருந்தால் நம் கணக்கில் அது 1721. தெரியாமல் போனால் 1720 ஏப்ரலில் திருமணம் செய்தவரை, அதற்கு இரண்டு மாதம் முன்பே செத்தவராக்கிவிடுவோம். 1841 சென்சஸில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், அதனால் 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். ஜேக்கபஸ் என்று லத்தீனில் இருப்பவர் வீட்டில் ஜேம்ஸ். பழைய சென்சஸில் 'சன் இன் லா' என்று இருந்தால் அது மருமகன்தான் என்று முடிவு கட்டாதீர்கள், மனைவியின் முதல் திருமணத்து மகனாகவும் இருக்கலாம். இணையத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பட்டியலில் பெயர் இல்லை என்றால் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள்.

லூயிஸ் சின்ன ஊர்தான், ஆனால் பாரிஷ், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி, ஒன்றல்ல. ஹை ஸ்ட்ரீட்டில் நடந்துகொண்டே இருந்தால் ஒரு பாரிஷிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடுவீர்கள். சவுத்ஓவர் தனி, ஊஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிளிஃப் தனி. ஒரு தேவாலயப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காகக் குடும்பம் ஊரை விட்டுப் போனது என்று எழுதிவிடாதீர்கள். இந்தப் பதிவேடுகள் ஃபால்மரில் 2013இல் திறந்த 'த கீப்' காப்பகத்தில் இருக்கின்றன. எடுக்கும் ஒவ்வொன்றின் குறியீட்டு எண்ணையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தமான தவறு, இன்று நிற்கும் கட்டடங்களை மட்டும் தேடுவது. 1836 டிசம்பர் 27 காலையில், கிளிஃப் குன்றின் விளிம்பில் குவிந்திருந்த பனி சரிந்து, அடிவாரத்தில் இருந்த ஏழைகளின் வீட்டு வரிசை மேல் விழுந்தது. எட்டுப் பேர் செத்தார்கள். வீட்டு வரிசைக்கு போல்டர் ரோ என்று பெயர். இன்று அந்த இடத்தில் 'ஸ்னோட்ராப்' என்ற பப் நிற்கிறது. அரசின் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1இல், அதாவது ஆறு மாதம் கழித்து. அதனால் அந்த எட்டுப் பேருக்கும் இறப்புச் சான்றிதழ் கிடையாது. பெயர்களைக் கேட்கும் முதல் சென்சஸுக்கு முன்பே போனவர்கள், பத்திரம் எழுதும் அளவுக்குச் சொத்தும் இல்லாதவர்கள். அவர்களைத் தேடுவதென்றால் அந்த வாரத்துச் செய்தித்தாள், தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு, சவுத் மாலிங் தேவாலயத்தில் அவர்கள் நினைவாக வைத்திருக்கும் பலகை, இந்த மூன்றிலும் தேட வேண்டும்.