சிறிய வீட்டுப் பட்டறைக்கு நகரும் மேசைவாள் மேடை

வன்னியில் வீட்டோடு சேர்ந்த மரவேலைப் பட்டறை என்பது பெரும்பாலும் பக்கச் சுவரோடு சாய்த்து இறக்கிய தகரப் பத்திதான். மீள்குடியேற்றத்தின் பின் எழுந்த வீட்டுத்திட்ட வீடுகள் பல ஏறத்தாழ 550 சதுர அடிக்குள் அடங்கிவிடுவதால், இயந்திரத்துக்கென்று ஓர் அறையை ஒதுக்குவது இயலாத காரியம். சோளகம் வீசும் மாதங்களில் பத்தியிலேயே வேலை செய்யலாம். ஐப்பசியில் மாரி தொடங்கிச் சாரல் உள்ளே அடிக்கும்போது, மேசைவாளை வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். இல்லையெனில் அதன் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். ஆகவே மேடை நகர வேண்டும். ஆனால் வெட்டும்போது அது மயிரளவும் நகரக்கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நிறைவேற்றும் மேடையொன்றை, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே செய்யும் முறையை இங்கு விளக்குகிறேன்.

நான் கருத்தில் கொள்வது 10 அங்குல அலகு பூட்டும், 25 முதல் 30 கிலோ எடையுள்ள, கையால் தூக்கக்கூடிய வகையைத்தான். தச்சர்கள் இதனை டேபிள் சோ என்றே சொல்வார்கள். இவற்றோடு வரும் மடிப்புக் கால்கள் கட்டட வேலைத்தளத்துக்குப் பொருந்தும். ஆனால் 8 அடிப் பலகையொன்றின் பாதி வாளைக் கடந்து பின்னே தொங்கும்போது, அதன் பாரத்தைத் தாங்க அங்கே எதுவும் இருப்பதில்லை. பலகை தாழ்ந்து அலகை நெருக்கும். கை தன்னையறியாமல் அதனை அழுத்திப் பிடிக்கப் போகும். விபத்துக்குப் போதுமான இடம் அது.

மேடையின் நான்கு மூலைகளிலும் சுழலும் சில்லு பூட்டுவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. நானும் அப்படித்தான் தொடங்கினேன். வழுவழுப்பான சமதரையில் அது சரியாக இருக்கலாம். நமது பத்திகளின் சீமெந்துத் தரையோ மழைநீர் வடிவதற்காகச் சரித்துப் பூசப்பட்டது. இடையிடையே வெடித்தும் இருக்கும். அத்தகைய தரையில் ஒரு சில்லு எப்போதும் அந்தரத்தில் நிற்கும், பிரேக் போட்டாலும் மேடை ஆடும். பாலைப் பலகையொன்றை வெட்டும்போது என் மேடை இரண்டு அங்குலம் பின்னோக்கிச் சென்ற அன்றே அந்தச் சில்லுகளைக் கழற்றிவிட்டேன். கல், மண் ஏற்றும் தள்ளுவண்டியின் முறையே இதற்குப் பொருத்தமானது: வேலை செய்யும்போது மேடை தன் நான்கு கால்களில் நிற்கும், பின்முனையைத் தூக்கினால் மட்டுமே முன்னுள்ள இரண்டு சில்லுகள் தரையைத் தொடும்.

மரத்தை வாங்குவதற்கு முன் இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, மேடை புகவேண்டிய கதவு நிலையின் உள்ளகலம். அது 33 அங்குலமாயின் மேடையின் அகலம் 30 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. வாளின் பக்கத்தில் நீண்டிருக்கும் தண்டவாளங்களையும் சேர்த்தே இதனை அளக்க வேண்டும். இரண்டாவது, உங்கள் இடுப்பெலும்பின் உயரம். வாளின் மேற்பரப்பு அதற்குச் சற்றுக் கீழே, பலருக்கு 34 முதல் 36 அங்குலத்தில், அமைந்தால் தோளை உயர்த்தாமல் பலகையைத் தள்ளலாம். இங்கே 35 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறேன். வாளின் உயரம் 13 அங்குலமாயின் அது அமரும் தட்டு 22 அங்குலத்தில் இருக்க வேண்டும். மொத்த நீளம் 60 அங்குலம்: முன்னே 24 அங்குலம் வாளுக்கு, பின்னே 36 அங்குலம் வெட்டிய பலகையைத் தாங்கும் பின்மேசைக்கு.

சட்டகத்துக்கு 3க்கு 2 அங்குலத் தேக்குச் சட்டம் நல்லது. நன்கு காய்ந்த வேம்பும் போதும். பாலையும் முதிரையும் நம் காட்டின் பெருமைதான், எனினும் தூக்கி நகர்த்த வேண்டிய மேடைக்கு அவை வீண் பாரம். முன்துளை இடாமல் திருகாணியை ஏற்றினால் ஆணி முறியும். மரத்தைக் கோடையில் வாங்கி, இடைவெளி விட்டு அடுக்கிச் சில வாரங்கள் காற்றாட வைத்தபின் வேலையைத் தொடங்க வேண்டும். பலகைக்கு 18 மில்லிமீற்றர் பிளைவூட் ஒன்றும் 12 மில்லிமீற்றர் பிளைவூட் ஒன்றும் தேவைப்படும். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகையைத் தவிர்க்க வேண்டும். மாரிக்கால ஈரத்தில் அது ஊதிவிடும்; அதன்பின் எந்த மட்டமும் நிற்காது.

18 மில்லிமீற்றர் பலகையை 30 அங்குல அகலக் கீற்றாக நீளவாக்கில் கிழித்தால், அதிலிருந்து 36 அங்குலப் பின்மேசையும் 50 அங்குல அடித்தட்டும் கிடைக்கும். வாள் அமரும் தட்டுக்கு 12 மில்லிமீற்றர் பலகையில் 24க்கு 30 அங்குலத்தில் இரண்டு துண்டுகளை வெட்டி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினால், 24 மில்லிமீற்றர் தடிப்பில் அதிர்வைத் தாங்கும் தட்டு உருவாகும். அதே பலகையின் எஞ்சிய பகுதியை இரு பக்கங்களையும் அடைக்கப் பயன்படுத்த வேண்டும். இந்தப் பக்கத் தகடுகளை அலங்காரமென்று எண்ணி விட்டுவிடக்கூடாது. மேடை முன்னும் பின்னும் நெளிவதைத் தடுப்பவை அவைதாம்.

முன்கால்கள் 20 அங்குலம், பின்கால்கள் ஏறத்தாழ 33 அங்குலம். முன்கால்களை மேடையின் முன்விளிம்பிலிருந்து 6 அங்குலம் உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும். சில்லுகள் அந்த இடைவெளிக்குள் மறைவதால் வேலை செய்பவரின் காலில் இடறாது. வாளுக்கும் பின்மேசைக்கும் இடையில் வரும் இரு நடுத்தூண்கள் அடிச்சட்டத்தின் மேல் நிற்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. தரையைத் தொடும் புள்ளிகள் நான்குக்கு மேல் கூடினால் மட்டம் பார்ப்பது பெரும்பாடாகிவிடும். மூட்டுகளுக்குக் கழுந்து, அதாவது மற்றச் சட்டத்தின் துளைக்குள் செருகும் நாக்கு, வைத்துப் பசையிடத் தெரிந்தவர்கள் அப்படியே செய்யலாம். மற்றவர்கள் பசையோடு 10 மில்லிமீற்றர் போல்ட்டை வாஷர் இட்டு முறுக்கலாம்.

பாதங்களுக்கு வெல்டிங் பட்டறையில் நான்கு சிறு இரும்புத் தகடுகளில் அரை அங்குல நட்டைப் பற்றவைத்து வாங்கி, கால்களின் அடியில் துளையிட்டுப் பூட்டி, 4 அங்குல போல்ட்டைத் தலை கீழாக ஏற்ற வேண்டும். போல்ட்டை முறுக்க முறுக்க அந்தக் கால் உயரும் அல்லது தாழும். தரை எவ்வளவு கோணலாயினும் நீர்மட்டத்தை வைத்து நான்கையும் சரிசெய்துவிடலாம். பழைய டயர்த் துண்டைத் தலைக்கு அடியில் ஒட்டினால் வழுக்காது. மரம் நிலத்தைத் தொடாததால் கறையானும் எளிதில் ஏறாது.

சில்லுகள் 6 அங்குல விட்டத்தில், திரும்பாத வகையில் இருக்க வேண்டும். அவற்றின் அச்சு முன்கால்களுக்கு 3 அங்குலம் முன்னே அமைய, மேடை மட்டமாக நிற்கும்போது சில்லுக்கும் தரைக்கும் இடையே 3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும்படி பூட்ட வேண்டும். கைபிடிக்கு இரண்டு கழற்றக்கூடிய தண்டுகளைப் பின்புறத்தில் 20 அங்குல உயரத்தில், வெளியே ஓரடி நீளுமாறு செருகலாம். பின்மேசையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் கை நெஞ்சளவுக்குப் போய்விடும். தாழ்ந்த தண்டாயின் கையை நீட்டியபடியே ஓரடி உயர்த்தி நடக்கலாம். வாளின் பாரம் சில்லுகளுக்கு அருகில் இருப்பதால், மொத்தம் 70 கிலோவைத் தாண்டினாலும் கையில் விழுவது 25 கிலோ அளவுதான். முற்றத்து மணலைக் கடக்க இரண்டு பலகைகளை விரித்துக்கொள்ள வேண்டும்.

வாளை அதன் அடித்துளைகளின் வழியே நான்கு போல்ட்டுகளால் தட்டோடு இறுக்கியபின், பின்மேசையை வாளின் மேற்பரப்பை விட ஒரு மில்லிமீற்றர் தாழ்வாகப் பொருத்த வேண்டும். உயர்ந்திருந்தால் வெளிவரும் பலகையின் நுனி அதில் முட்டி நிற்கும். வாளின் மேற்பரப்பில் உள்ள வழிகாட்டிப் பள்ளங்களை அதே நேர்கோட்டில் பின்மேசையிலும் சற்று அகலமாக நீட்டிவிட வேண்டும்.

அடுத்த வேலைக்குப் பொறுமை தேவை. ஒரு முழு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். மின்செருகியைக் கழற்றிவிட்டு, அலகின் ஒரு பல்லில் பென்சிலால் அடையாளமிட்டு, அந்தப் பல் முன்னே நிற்கும்போதும், பின்னே திருப்பிய போதும் பள்ளத்துக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு, பலகையின் விளிம்பை ஒட்டித் தள்ளும் பக்கவாட்டு வழிகாட்டிச் சட்டத்தை அதே பள்ளத்துக்கு இணையாக்க வேண்டும். அது பின்புறத்தில் அலகை நோக்கிச் சிறிதளவு சாய்ந்திருந்தாலும், பலகை இடையில் நெருக்குண்டு, மேலெழும் பின்பற்களில் மாட்டி, வேலை செய்பவரை நோக்கிப் பாயும். அதைத் தடுக்கவே அலகின் பின்னால், வெட்டிய பிளவு மூடாமல் விரித்துப் பிடிக்கும் ஒரு பிரிதகடு வைக்கப்பட்டிருக்கிறது. இடைஞ்சல் என்று கழற்றி வைக்கப்பட்ட பிரிதகடுகளைப் பல பட்டறைகளில் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பதறும்.

மரத்தூளுக்கு வாள் அமரும் தட்டில் ஒரு துளை வெட்டி, அடியில் வெற்று உரப்பையைக் கொளுவிவிடலாம். பை நிறையுமுன் கொட்டிவிட வேண்டும். தூள் மேலேறினால் மோட்டார் சூடாகும். முதிரைத் தூள் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கக்கூடியது. அதனை அறுக்கும் நாளில் முகக்கவசமும், வேலை முடிந்ததும் குளியலும் கட்டாயம்.

1800 வாற் வாளொன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 8 அம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதனிலும் கூடுதலாக இழுக்கும். வீட்டிலிருந்து பத்திக்கு இழுக்கும் வயர் 1.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. தூரம் 15 மீற்றரைத் தாண்டினால் 2.5 போட வேண்டும். சுருளில் சுற்றிய வயரை முழுவதும் விரித்தே பயன்படுத்த வேண்டும், சுற்றியபடி விட்டால் உருகும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில், அதுவும் ஈரத் தரையில், இந்த இயந்திரத்தை இயக்கவே கூடாது.

நம் மண்ணுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. போர் நடந்த இடங்களில் நின்ற மரங்களின் உள்ளே குண்டுச் சிதறல்கள் புதைந்திருக்கின்றன. பட்டை மூடி வளர்ந்துவிட்டதால் வெளியே தெரியாது. பழைய வீட்டு மரங்களில் முறிந்த ஆணிகள் இருக்கும். வேப்பம் பலகையொன்றுக்குள் இருந்த இரும்புத் துண்டில் என் அலகின் கார்பைட் பல் தெறித்துத் தகரத்தைத் துளைத்தது. மரத்தில் நீலக் கருமையான கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறதென்று கொள்ளலாம். காந்தம் மேலோட்டமாக உள்ளதைத்தான் காட்டும்; கையடக்க உலோகங்காட்டி ஒன்றை நாலு பேர் சேர்ந்தாவது வாங்கி வைத்திருப்பது நல்லது. கண்ணாடி அணியாமல் வாளை இயக்கக்கூடாது.

சாரம், நீளக்கைச் சட்டை, கையுறை மூன்றும் சுழலும் அலகுக்கு அருகில் ஆகாதவை. 6 அங்குலத்துக்குக் குறைந்த கீற்றை விரலால் தள்ளாமல் தள்ளுகோலால் தள்ள வேண்டும். 18 மில்லிமீற்றர் பலகையின் எஞ்சிய துண்டில் இரண்டு தள்ளுகோல்கள் வெட்டி மேடையின் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிடலாம். அலகை மரத்தின் மேற்பரப்புக்கு மேல் 5 மில்லிமீற்றர் தெரியும் அளவுக்கு உயர்த்தி, உடலை அலகின் நேர்கோட்டிலிருந்து ஒதுக்கி நின்று, ஒரு கழிவுப் பலகையை முழு நீளத்துக்கும் கிழித்துப் பாருங்கள். இரு முனைகளிலும் அகலத்தை அளந்து, வேறுபாடு இருந்தால் வழிகாட்டிச் சட்டத்தையும், மேடை ஆடினால் பாத போல்ட்டுகளையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். மேடையை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தை அதன் மேல் வைத்துப் பார்த்த பின்னரே செருகியைச் சொருக வேண்டும்.