நிறம் மாறும் ராப்: பானட்டில் ஒட்டிப் பழகுவது எப்படி?

பார்க்கும் கோணத்துக்கு ஏற்பப் பச்சை ஊதாவாக மாறும் காருக்கு இரண்டு வழிகள் உண்டு: பெயிண்ட், அல்லது வினைல் ராப் (பெயிண்டின் மேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம்). முதல்முறை கை வைப்பவர் ராப்பைத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்தப் பெயிண்டில் நிறம் காட்டுவது மெல்லிய அடுக்குத் துகள்கள். அவை பரப்பு முழுக்க ஒரே மாதிரி படிய வேண்டும். ஸ்ப்ரே கன்னின் தூரமோ காற்றழுத்தமோ கை வேகமோ கொஞ்சம் பிசகினாலும் திட்டுத்திட்டாகத் தெரியும். ஃபோர்டு 1996-ல் மஸ்டாங் கோப்ராவுக்கு ‘மிஸ்டிக்’ பெயிண்ட் கொடுத்தது. தொழிற்சாலையில் அது சாத்தியம். ஆனால் பின்னாளில் கதவில் ஒரு கீறல் விழுந்தால், அந்த இடத்துக்கு மட்டும் டச்-அப் செய்து நிறம் சேர்ப்பது நடக்காத காரியம்.

சூடு பட்டால் நிறம் மாறும் பெயிண்டும் கிடைக்கிறது. அதன் சாயம் புற ஊதாக் கதிரில் சீக்கிரமே வெளுத்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

ராப் என்று முடிவானால், ஓரளவு தட்டையான பானட்டில் தொடங்குங்கள். வளைவு அதிகமுள்ள பம்பர், பக்கக் கண்ணாடியின் கூடு இரண்டையும் இப்போது தொடாதீர்கள்.

வேண்டியவை: காஸ்ட் வகை வினைல் (திரவமாக ஊற்றி உருவாக்கியது; ரோலின் அகலம் பெரும்பாலும் 1.52 மீட்டர்), ஃபெல்ட் ஒட்டிய ஸ்குவீஜி (ஃபிலிமை அழுத்தித் தேய்க்கும் தட்டை), ஹீட் கன், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், புது பிளேடு போட்ட கட்டர், கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி), 70% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மைக்ரோஃபைபர் துணி. விலை குறைவென்று காலண்டர்டு வினைல் (உருளைகளில் அழுத்தித் தட்டையாக்கியது) வாங்கினால் வளைவுகளில் சுருங்கி உரிந்து வரும்.

வாங்கும் முன் சாம்பிளைத் தட்டையாக வைத்துப் பார்க்காமல் வளைவான பொருளில் ஒட்டி, வெயிலிலும் நிழலிலும் பாருங்கள். வெயிலில் ஜொலிக்கும் பல ஃபிலிம்கள் நிழலில் ஒற்றை நிறமாக மங்கிவிடும்.

1. பரப்பைத் தயார் செய்தல். கழுவி, கிளே பார் தேய்த்து, கடைசியில் ஆல்கஹாலால் துடையுங்கள். வைப்பர் பக்கத்து விளிம்பிலும் பானட்டின் அடிமடிப்பிலும் மெழுகும் தூசியும் ஒளிந்திருக்கும். ராப் முதலில் உரிவது அங்கேதான். கிளியர் கோட் (பெயிண்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சு) உரியத் தொடங்கிய வண்டியில் ஒட்டாதீர்கள். கழற்றும்போது பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும்.

2. திசை குறித்தல். இந்த வகை ராப்பில் அதிகம் கெடுவது இங்கேதான். ஃபிலிமுக்குத் திசை உண்டு. ஒரு துண்டை நீளவாக்கிலும் பக்கத்துத் துண்டைக் குறுக்கிலும் ஒட்டினால், ஒரே ரோலில் வெட்டியவையாக இருந்தாலும் இரண்டு வேறு நிறமாகத் தெரியும். அதனால் வெட்டுவதற்கு முன்பே பின்தாளில் அம்புக்குறி போட்டுவிடுங்கள். ரோலின் நீளம் வண்டியின் நீளத்தோடு ஓடட்டும். பிறகு ஃபெண்டர், கதவு என்று போகும்போது, ஒரு பக்கத்து பேனல்கள் எல்லாவற்றிலும் அம்பு ஒரே திசையைப் பார்க்க வேண்டும். மிச்சத் துண்டு வீணாகிறதே என்று திருப்பி வைத்து ஒட்டினால் மொத்த வேலையும் கெட்டுவிடும். முழு வண்டிக்கும் ஒரே பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரானதைக் காட்டும் எண்) ரோலாகவே வாங்குங்கள்.

3. விரித்து ஒட்டுதல். அறை 20 முதல் 25 டிகிரி செல்சியஸில், தூசியில்லாமல் இருக்கட்டும். நான்கு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக வெட்டி, பின்தாளை எடுத்து, ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து மெதுவாக இறக்குங்கள். இதற்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஸ்குவீஜியை 45 டிகிரி சாய்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். சுருக்கம் விழுந்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள். தூக்கி, லேசாகச் சூடு காட்டினால் ஃபிலிம் தானே தளரும். பிறகு மறுபடி ஒட்டலாம்.

இழுத்து ஒட்டும் ஆசைதான் அடுத்த ஆபத்து. சாதாரணக் கறுப்பு ராப் கொஞ்சம் இழுபட்டாலும் காட்டிக் கொடுக்காது. நிறம் மாறும் ஃபிலிமில் இழுபட்ட மூலை வெளிறி, நிறமாற்றமும் மங்கிப் போகும். எவ்வளவு சூடாக்கினாலும் அது திரும்ப வராது.

4. ஓரம் வெட்டுதல். விளிம்புக்கு வெளியே 5 முதல் 6 மி.மீ. விட்டு வெட்டி, அடியில் மடித்து அழுத்துங்கள். பிளேடு முனை பெயிண்டைத் தொடக்கூடாது. கீறல் விழுந்தால் அங்கே பிறகு துரு பிடிக்கும்.

5. கடைசிச் சூடு. மடித்த ஓரங்களையும் வளைவுகளையும் 90 முதல் 95 டிகிரி வரை சூடாக்குங்கள் (தயாரிப்பாளர் தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி). கையால் தொட்டுக் கணிக்க வேண்டாம், தெர்மாமீட்டரில் பாருங்கள். இதைச் செய்யாவிட்டால் ஃபிலிம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், ஓரம் எழும்பும்.

முதல் 48 மணி நேரம் தண்ணீர் படாமல் நிறுத்துங்கள். பல நாடுகளில் வண்டியின் நிறம் மாறினால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முழு வண்டிக்கு ராப் போடும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சிய ரோலில் ஒரு மீட்டராவது அம்புக்குறியோடும் பேட்ச் எண்ணோடும் சுருட்டி வையுங்கள். மடித்து வைத்தால் விழும் கோடு போகாது. நாளைக்கு ஒரு சின்ன பேனல் அடிபட்டால், அந்தத் துண்டில்தான் நிறம் சேரும்.