பிக்கப் ஷாக்கில் ஸ்பிரிங் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைலக்ஸ், டி-மேக்ஸ் வி-கிராஸ் போன்ற பிக்கப்களின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங் ஷாக்கை (ஷாக் அப்சார்பரை)ச் சுற்றியே உட்கார்ந்திருக்கும். வெளிக் கம்பெனி ஷாக் வாங்கினால் ஸ்பிரிங்கை அமுக்கி, ஷாக்கில் ஏற்றி, டாப் மவுன்ட் (ஷாக்கை வண்டியோடு பிடிக்கும் மேல் தட்டு) வைத்து நட் முறுக்க வேண்டும். தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டால் திருத்த மறுபடி அமுக்கியாக வேண்டும், அதனால் அமுங்கி இருக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஸ்பிரிங் எண்ணைப் பாருங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் (கம்பி வடத்தால் இழுக்கும் கருவி) உள்ள வண்டிக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சின்னக் குழியிலும் உதறும். சில கிட்களில் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங் சற்று உயரமாக வரும். அமெரிக்கக் கிட்டில் ‘டிரைவர்’ என்றால் இடது பக்கம். நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார். லேபிளை மட்டும் நம்பி மாட்டினால் வண்டி ஒருபக்கம் சாயும்.

ஸ்பிரிங்கை அமுக்கச் சுவரில் பொருத்தும் ஸ்பிரிங் கம்ப்ரஸர்தான் நல்லது. கொக்கி வகைதான் இருக்கிறதென்றால் இரண்டையும் நேரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். கம்ப்ரஸர் போல்ட்டின் மரைக்கு கிரீஸ் வேண்டும். இம்பாக்ட் கன் (தட்டித் தட்டி வேகமாக முறுக்கும் கருவி) போட்டால் மரை சூடேறிப் பிடித்துக்கொள்ளும், அல்லது அறுந்துபோகும். ஸ்பிரிங் வளைய ஆரம்பித்தால் உடனே நிறுத்தித் தளர்த்தி, கொக்கியை மாற்றி வையுங்கள். பழைய ஷாக்கைப் பிரிக்கும்போது ஸ்பிரிங் நன்றாக அமுங்கி, தட்டில் கையால் அசைகிற அளவு லூசான பிறகே மேல் நட்டைத் தொடலாம். அதற்கு முன் கழற்றினால் டாப் மவுன்ட் தோட்டா மாதிரி பறக்கும். எந்தக் கட்டத்திலும் முகத்தை ஸ்பிரிங்குக்கு நேராக வைக்காதீர்கள்.

அடுத்தது திசை. ஸ்பிரிங்கின் கீழ் நுனி, அது உட்காரும் தட்டில் இருக்கும் படிக்கட்டில் முட்டி நிற்க வேண்டும். நுனி படி மேல் ஏறி உட்கார்ந்தால் முதல் குழியிலேயே அது ‘டங்’ என்று கீழே விழும், அந்தப் பக்கம் உயரமும் குறையும். மேலே உள்ள மூன்று ஸ்டட்களுக்கும் (நீட்டி நிற்கும் போல்ட்கள்) கீழ்ப் புஷ் (ரப்பர் வளையம்) துளைக்கும் உள்ள கோணத்தைப் பழைய ஷாக்கைப் பிரிக்கும் முன்பே பெயின்ட் மார்க்கரால் குறித்துவையுங்கள். கோணம் தப்பினால் கீழ் போல்ட் நுழையாது. கடப்பாரையால் நெம்பி நுழைத்தால் புஷ் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் நுனியில் வைக்கும் ரப்பர் ஐசொலேட்டர், ஷாக் முழுதாக அமுங்கும்போது இடி தாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாம் கம்பெனி தாளில் உள்ள வரிசையில்தான் ஏற வேண்டும். வெடித்த பழைய ஐசொலேட்டரைத் திரும்பப் போடாதீர்கள், கடகட சத்தத்துக்குப் பாதி காரணம் அதுதான்.

மேல் நட் முறுக்கும்போது ஷாக்கின் ராடும் சேர்ந்து சுற்றும். அப்போது கட்டிங் பிளேயரால் ராடைப் பிடிப்பது ஷாக்கைக் கொல்கிற வேலை. குரோம் மேல் விழும் ஒரு கீறல், ராடு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீலை அறுக்கும், எண்ணெய் கசியும். ராடின் நுனியில் ஆலன் கீ துளையோ, தட்டையான வெட்டோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கைரிஞ்சால் முறுக்கி, தாளில் சொன்ன டார்க்கோடு (முறுக்கு அளவோடு) நிறுத்துங்கள். நைலான் நட் ஒரு தடவைக்குத்தான்.

பில்ஸ்டைன் 5100 மாதிரி உடலில் பள்ளங்கள் உள்ள ஷாக்கில், ஸ்பிரிங் தட்டைத் தாங்கும் வளையக் கிளிப்பான சர்க்லிப் முழுவதும் பள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ஸ்பிரிங்கின் முழுப் பாரமும் அதன் மேல்தான். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் ஸ்பிரிங்கும் போட்டு, கிளிப்பையும் மேலே ஏற்றி, டாப் மவுன்ட் மேல் ஸ்பேசர் தட்டும் வைப்பது பெரிய தவறு. சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மின் ஏறக்குறைய நடுவில் ஷாக் பிடிப்பதால், மேலே 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் 50 மி.மீ.க்குப் பக்கமாகத் தூக்கும். மூன்றும் சேர்ந்தால் சிவி பூட் (சக்கர அச்சு மூட்டின் ரப்பர் உறை) கிழியும், மேல் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) எல்லையில் போய் இடிக்கும்.

வண்டியில் மாட்டும்போது கீழ் போல்ட்டைக் கைமுறுக்கில் விட்டு, சக்கரங்கள் தரையில் நின்ற பிறகு இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். பிறகு நேராக வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். உயரம் மாறினால் சக்கரக் கோணங்களான கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் மாறும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் டார்க் ரிஞ்சால் மறுபடி பார்த்துவிடுங்கள்.