பணம் கட்டச் சொல்லி மெயில் வந்தால் நான் பார்ப்பது

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்காத லேப்டாப் பேட்டரி ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருந்தேன், அடுத்த நாளே "பணம் வந்து சேரவில்லை, இன்றே கட்டாவிட்டால் ஆர்டர் ரத்து" என்று லிங்க்கோடு ஒரு மெயில். லோகோ அச்சு அசல். லிங்க்கைத் தொடாமல், அனுப்பியவர் பெயரைத் தட்டி முழு முகவரியைப் பார்த்தேன். முன்னால் கடையின் பெயர்தான், ஆனால் அட் குறிக்குப் பின்னால் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று. முன்பாதியில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிக்கொள்ளலாம். (பின்பாதி சரியாக இருந்தாலும் முழுசாக நம்பாதீர்கள், அதையும் போலியாக்க முடியும்.) அப்புறம் கடையின் ஆப்பைத் தனியாகத் திறந்தால், பணம் வந்தாயிற்று என்றே இருந்தது. நிஜமாகவே பாக்கி இருந்தால் அங்கேயே காட்டியிருக்குமே!

சாயங்காலம் போன் வேறு: "ரீஃபண்ட் தர்றோம் சார், யுபிஐ பின் போடுங்க." பணம் வாங்குவதற்கு எதற்கு யுபிஐ பின்? கட் பண்ணிவிட்டேன். யாருக்காவது பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.