ரோமர் 9-இல் தடுக்கி விழும் இடங்கள்

வேத வகுப்பில் ரோமர் 9-ஐ, அதாவது தேவன் தம் சித்தப்படி தெரிந்துகொள்வதைப் பற்றி அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தை எடுத்தால், ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளைப் பற்றித் தேவன் "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்று சொல்லும் இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் நிறுத்துவார். எங்கள் வகுப்பில் நிறுத்தியது ஒரு கல்லூரிப் பையன். "பிறக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தனைத் தள்ளிவிட்டா, அது நியாயமா அண்ணா?" என்றான். நான் உடனே 20ஆம் வசனத்தைக் காட்டினேன்: "தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?" அவன் வேதாகமத்தை மூடி வைத்தான். அப்புறம் வகுப்பில் அவன் எதையுமே கேட்கவில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

அந்த வசனத்தை வாய்ப்பூட்டாக மாட்டுவதுதான் முதல் தவறு. "தேவனிடத்திலே அநீதி உண்டென்று சொல்லலாமா?" என்று 14ஆம் வசனத்தில் பவுலே முந்திக்கொண்டு கேட்கிறார். சொல்லக்கூடாது என்பதுதான் அவர் பதில். ஆனால் கேள்வியை அவர் மறைக்கவில்லை. அதிகாரத்தின் தொடக்கமே அவருடைய மனவேதனைதான்; தன் ஜனத்துக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் தயார் என்கிறார். ஆபிரகாமும் சோதோமுக்காக ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்து வரை பேசினார். கர்த்தர் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார்.

அடுத்தது, ஏசா பிறக்கும் முன்பே நரகத்துக்குக் குறிக்கப்பட்டவன் என்று வாசிப்பது. பவுல் எடுத்துக்காட்டும் மல்கியா வசனம், ஏசா இறந்து பல நூற்றாண்டு கழித்து, அவன் வம்சமான ஏதோம் என்ற தேசத்தைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் தாய் ரெபெக்காளுக்குச் சொல்லப்பட்டதும் கர்ப்பத்தில் இரண்டு ஜாதிகள் என்றுதான். 'வெறுத்தேன்' என்பதையும் கவனிக்க வேண்டும். தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் எனக்குச் சீஷனல்ல என்று இயேசு சொன்னபோது, பெற்றோர்மேல் பகை வளர்க்கச் சொல்லவில்லை. எது முதலிடம் என்று சொன்னார். ஆதியாகமம் 33-இல் ஏசா ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறான். ஏதோமியன் உன் சகோதரன், அவனை அருவருக்காதே என்று உபாகமம் கட்டளையிடுகிறது. இவற்றை விட்டுவிட்டு ஒரு வசனத்தை மட்டும் தூக்கிப் பிடித்தால் தேவனைப் பற்றியே தப்பாகச் சொல்லிவிடுவோம்.

அதே அதிகாரத்தில் பவுல் எடுத்துக்காட்டும் எகிப்தின் ராஜா பார்வோன் விஷயத்தில் இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். யாத்திராகமம் 8-ஐ மெதுவாகப் படியுங்கள். இஸ்ரவேலரை அவன் போகவிடாததால் கர்த்தர் அனுப்பிய வாதைகளில் ஒன்றாக, அடுப்பிலும் மாவு பிசையும் பாத்திரத்திலும் தவளைகள். எப்போது ஒழியவேண்டும் என்று மோசே கேட்டால், "நாளைக்கு" என்கிறான். கொஞ்சம் மூச்சு விட முடிந்ததும் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்துகிறான். அந்த வாதைகளின் வரிசையில் கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நேரடியாக வருவது ஆறாவதான கொப்புளங்களுக்குப் பின்தான். ஆனாலும் "நான் கடினப்படுத்துவேன்" என்று கர்த்தர் 4ஆம் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார். அதையும் மறைக்கக்கூடாது. அவன் பொம்மையும் அல்ல, தேவன் வேடிக்கை பார்த்தவரும் அல்ல.

ஒரே களிமண்ணில் தன் விருப்பப்படி பாத்திரம் செய்யக் குயவனுக்கு அதிகாரம் உண்டு என்று பவுல் சொல்லும் உவமைக்கு யெரேமியா 18-ஐயும் திறந்து வையுங்கள். அங்கே கெட்டுப்போன களிமண்ணைக் குயவன் தூக்கி எறியாமல் வேறொரு பாத்திரமாக வனைகிறான். ஒரு ஜாதி மனந்திரும்பினால் செய்ய நினைத்த தீங்கைச் செய்யமாட்டேன் என்றும் தேவன் சொல்கிறார். ரோமரிலும் 9-உடன் நின்றுவிடாதீர்கள். அந்த வாதம் 11:32-இல், எல்லார்மேலும் இரக்கமாயிருப்பதற்கு என்றுதான் போய்ச் சேருகிறது.

இரட்சிப்பில் தேவன் முன்பே குறித்ததை வலியுறுத்திய கால்வினா, மனிதனின் சுயாதீனத்தையும் வலியுறுத்திய அர்மீனியஸா என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று. இந்த முன்குறித்தல் விஷயத்தில் இங்கிலாந்துப் பிரசங்கியார்களான வெஸ்லியும் விட்ஃபீல்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் 1770-இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

இதையெல்லாம் துக்க வீட்டுக்குக் கொண்டுபோவது மிக மோசமான தவறு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் முதல் வார்த்தையாக "தேவ சித்தம், ஏற்றுக்கொள்ளம்மா" என்று சொல்லாதீர்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றார் இயேசு. பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாய் திறந்து பேசியதற்காகத்தான் தேவன் அவர்கள்மேல் கோபப்பட்டார்.